சிவப்பு வட்டத்துக்குள் நான்கு நாள்

முதல் நாள்: சேலத்திலிருந்து முருகேஷ்பாளையா

தப்பு முழுக்க என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாரமங்கலம் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பை மேலேயிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். சும்மா நேராகப் போனால் என்ன அழகு என்று ட்ரோனைப் பக்கவாட்டில் அரைவட்டமாக இழுத்தேன். முன்னால், பின்னால், கீழே என்று அதற்கு மூன்று பக்கம் கண் உண்டு. பக்கவாட்டில் கிடையாது. தென்னை மட்டை ஒன்று அங்கேதான் காத்திருந்தது.

கேமராவைத் தாங்கும் கிம்பலின் ரிப்பன் கேபிள் அறுந்துவிட்டது. பின்பக்கம் வலது மோட்டாரைக் கையால் சுற்றினால் மணல் அரைபடுகிற மாதிரி கரகரத்தது. கல்யாண வீட்டுப் பெரியவர், "பரவாயில்லைங்க, பந்தி ஆரம்பிச்சாச்சு, சாப்பிட்டுட்டு வந்து பாருங்க" என்றார். அதைவிட ஆறுதலாக யாரும் பேச முடியாது. எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் இதற்கு இன்னமும் ஹெலிகேம் என்றுதான் பெயர். அடுத்த முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. சேலத்தில் கேட்டால், பார்ட்ஸ் பெங்களூரிலிருந்து வரணும் என்றார்கள். பார்ட்ஸ் இங்கே வருவதற்குப் பதில் நானே அங்கே போய்விட்டால் என்ன என்று கிளம்பிவிட்டேன். பெங்களூரில் பெரியப்பா இருக்கிறார் என்பது கூடுதல் காரணம்.

கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி வரை பஸ் பறந்தது. சில்க் போர்டில் எல்லோரையும் போல நாங்களும் நின்றோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பெங்களூர் பற்றிய எல்லாக் கட்டுரையிலும் அது இருக்கிறது.

பெரியப்பா விமானம் செய்யும் எச்.ஏ.எல். கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர். 1967-ல் அப்ரன்டிஸாகச் சேர்ந்து 2008-ல் ஓய்வு பெற்றார். அவர் வீட்டுக்கு வந்த அதே வருஷம் மே மாதம் பயணிகள் விமானங்களும் தேவனஹள்ளிக்குப் போய்விட்டன. "நான் இல்லாம அவங்களுக்கு முடியலை" என்று இன்றும் சொல்லிக்கொள்கிறார். வீடு முருகேஷ்பாளையாவில், பழைய ஏர்போர்ட் ரோட்டிலிருந்து இரண்டு சந்து உள்ளே. பயணிகள் விமானம்தான் போனது, ஓடுபாதை அங்கேயேதான் இருக்கிறது. எச்.ஏ.எல். செய்கிற விமானங்களும் ஹெலிகாப்டர்களும் இன்றும் அதில்தான் சோதனைக்கு ஏறி இறங்குகின்றன. பெரியம்மா காபி ஆற்றும்போது தலைக்கு மேல் ஒன்று போனது. எனக்குக் காதடைத்தது. பெரியம்மா டம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

பை திறந்து ட்ரோனைக் காட்டினேன். பெரியப்பா உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"கால் கிலோ இருக்குமாடா?"

"249 கிராம், பெரியப்பா."

"அதென்ன கடைக்காரன் தராசு மாதிரி ஒரு கிராம் குறைச்சு?"

அதற்குக் காரணம் இருக்கிறது. பல நாடுகளில் 250 கிராம்தான் கோடு. நம் ஊரிலும் 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நேனோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, அப்புறம் 25 கிலோ, 150 கிலோ என்று படிப்படியாகப் போகும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கத்தான் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு கிராமாகச் செதுக்குகிறார்கள். பேட்டரி, சட்டம், கால் எல்லாவற்றிலும்.

"சரி, ரிப்பேர் ஆனதும் நம்ம மொட்டை மாடியிலேருந்து விட்டுக் காட்டு" என்றார்.

அரசாங்கத்தின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து காட்டினேன். பெரியப்பா வீடு சிவப்பின் நட்டநடுவில் இருந்தது. விமான நிலையத்தைச் சுற்றிச் சிவப்பு, அதைச் சுற்றி மஞ்சள். மஞ்சள் வட்டம் முன்பு 45 கிலோமீட்டர், 2021 விதிகளில் அதை 12 ஆகக் குறைத்தார்கள். ஆனால் பெங்களூருக்கு அதனால் பெரிய லாபமில்லை. கிழக்கே எச்.ஏ.எல்., வடக்கே எலஹங்கா விமானப்படைத் தளம், அதற்குப் பக்கத்திலேயே ஜக்கூர் விமானத்தளம், இன்னும் மேலே தேவனஹள்ளி. ஒரு வட்டத்திலிருந்து தப்பினால் அடுத்ததில் விழ வேண்டும். விமானம் செய்கிற ஊரில் 249 கிராம் பறக்க இடமில்லை.

பெரியப்பா வரைபடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அப்போ நாளைக்கு நான் உனக்குப் பறக்காத விமானத்தைக் காட்டறேன்" என்றார்.

இரண்டாம் நாள்: மருத்

எச்.ஏ.எல். அருங்காட்சியகம் அதே ரோட்டில், மாரத்தஹள்ளி போகிற வழியில் இருக்கிறது. 335ஈ பஸ்ஸில் போயிருக்கலாம். பெரியப்பா மூட்டுக்காக ஆட்டோ. மாரத்தஹள்ளி என்ற பேரே மருத் விமானத்திலிருந்து வந்ததுதான் என்று ஆட்டோக்காரர் சொன்னார். இந்தக் கதையை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். எனக்கு நம்பிக்கை இல்லை. ஹள்ளி என்று முடிகிற ஊர்கள் விமானத்துக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்குமா? பெரியப்பா மட்டும் மறுக்கவில்லை. "இருக்கட்டும்டா, அதுக்கு மிஞ்சினது ஒரு ஊர் பேராவது" என்றார்.

உள்ளே போனதும் மற்ற எதையும் பார்க்கவிடாமல் நேராகத் திறந்தவெளிக்கு இழுத்துப் போனார். அங்கே நின்றது எச்.எஃப்-24 மருத்.

நான் எதிர்பார்த்ததைவிட அழகு. பக்கத்தில் நிற்கும் மிக்-21 ஒரு குழாய்க்கு இறக்கை ஒட்டிய மாதிரி இருக்கிறது. இது அப்படியில்லை. 16 மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம், 9 மீட்டர் இறக்கை, இடுப்பு லேசாக ஒடுங்கிப் பின்னால் சாய்ந்த உடல். இரண்டு பக்கமும் காற்று உள்ளே போகும் வாய், அந்த வாய்க்குள் பாதிக் கூம்பு. "அந்தக் கூம்பு எதுக்குன்னு தெரியுமா? ஒலியைவிட வேகமாப் போறப்போ காற்றை அடக்கி உள்ளே அனுப்ப" என்றார். அப்புறம் சிரித்தார். ஒலியைவிட இரண்டு மடங்கு வேகம் என்று கனவு கண்ட விமானம், ஒலியின் வேகத்தைத் தொடவே திணறியது என்பது இந்த ரோட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

இதை வரைந்தவர் குர்ட் டாங்க். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஃபோக்க-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்தவர். போர் முடிந்ததும் அர்ஜென்டினாவுக்குப் போய் அங்கே ஒரு ஜெட் செய்து பார்த்தார். பிறகு இந்தியா வந்தார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யோடு அவருக்குத் தொடர்பு உண்டு, அப்துல் கலாம் தன் வரலாற்றில் அவர் பேரைக் குறிப்பிடுகிறார். 1956-ல் பெங்களூருக்கு வந்த டாங்க்கும் கூட வந்த ஜெர்மானியர்களும் எச்.ஏ.எல்.லின் நம் ஆட்களோடு சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். முதலில் அதே அளவில், அதே வடிவத்தில், இன்ஜின் இல்லாத ஒரு மரக் கிளைடர் செய்தார்கள். 1959-லிருந்து அதை டகோட்டா விமானம் ஒன்று கயிறு கட்டி இழுத்துப்போய் மேலே விட்டுவிட்டு வந்தது. அது சறுக்கிக்கொண்டே இறங்கும். எழுபதுக்கும் மேற்பட்ட முறை இப்படி. நான் மெதுவாக, "அப்போ முதல்ல ஓடினதே இன்ஜின் இல்லாமத்தானா?" என்றேன். பெரியப்பா, "நல்லா ஓடினதும் அப்பத்தான்னு சொல்றவங்க உண்டு" என்றார்.

1961 ஜூன் 17. சுரஞ்சன் தாஸ் என்ற சோதனை விமானி இந்த ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓடுபாதையிலிருந்து நிஜ மருத்தை மேலே எடுத்தார். ஜெட் போர் விமானம் ஒன்றைச் சொந்தமாக வடிவமைத்துப் பறக்கவிட்ட நாடுகளை அன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆசியாவில் சோவியத் நாட்டைத் தவிர்த்தால், உற்பத்திக்குப் போய்ப் படையில் சேர்ந்த முதல் ஜெட் போர் விமானம் இதுதான்.

குறை எங்கே என்றால் இன்ஜினில். டாங்க் கணக்குப் போட்டது பிரிட்டனின் பிரிஸ்டல் கம்பெனி உருவாக்கிக்கொண்டிருந்த ஆர்ஃபியஸ் 12 என்ற இன்ஜினை நம்பி. பின்னெரிப்பு (வெளியேறும் வாயுவில் மறுபடி எரிபொருள் விட்டு எரித்து உந்துவிசையைக் கூட்டுவது) போட்டால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3,700 கிலோ உந்துவிசை தரும். ஆனால் மற்றவர்கள் தங்களுக்கு அந்த இன்ஜின் வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார்கள். மீதிச் செலவை இந்தியா ஏற்றுக்கொண்டால் முடித்துத் தருவதாகப் பேச்சு வந்தது. டெல்லி சம்மதிக்கவில்லை. கடைசியில் கைக்குக் கிடைத்தது ஆர்ஃபியஸ் 703. பின்னெரிப்பு கிடையாது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2,200 கிலோ. அதே குடும்பத்து இன்ஜின் ஒன்றைப் போட்டுத்தான் நேட் என்ற குட்டி விமானம் பறந்தது. நேட்டின் நீளம் மருத்தில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஸ்கூட்டருக்குப் போதுமான இன்ஜினை இரண்டாகக் கட்டி டெம்போ ஓட்டுகிற கதை.

தேடாத இடமில்லை. எகிப்துக்காரர்கள் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியரை வைத்து ஈ-300 என்ற இன்ஜினைச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய விமானம் எச்.ஏ-300. அதை முதன்முதலில் 1964-ல் ஓட்டியதே இந்திய விமானப்படையின் கபில் பார்கவா. ஒரு மருத் எகிப்துக்கே போய், ஒரு பக்கம் ஆர்ஃபியஸ், மறுபக்கம் ஈ-300 என்று வைத்துப் பறந்து பார்த்தது. 1969-ல் அதுவும் கைவிடப்பட்டது. ஜெர்மானியர் வரைந்த இந்திய விமானம், ஆஸ்திரியர் செய்த எகிப்திய இன்ஜினோடு நைல் கரையில் பறந்தது என்றால் கதை கட்டுகிறேன் என்பார்கள்.

மொத்தம் 147 மருத் செய்தார்கள். அதில் 18 இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். பெரியப்பா அந்த 147-ல் எத்தனையைத் தொட்டார் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. "கைவேலைடா. ஒரு விமானத்து மூடியைக் கழற்றி அடுத்ததுல மாட்டினா உட்காராது. அரத்தைப் போட்டு உட்கார வைப்போம். ஒவ்வொண்ணும் ஒரு பிள்ளை மாதிரி, ஒவ்வொரு அளவு" என்றார். அதைப் பெருமையாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. வயிற்றுப் பக்கம் குனிந்து ஒரு ரிவெட் வரிசையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போட்டதா என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும். வரிசை நேரா இருக்கு, அதனால என்னுதா இருக்கலாம்" என்றார்.

1967-ல் 10-ஆம் ஸ்குவாட்ரனில் தொடங்கி, 220, 31 என்று மூன்று ஸ்குவாட்ரன்கள் மருத்தை வைத்திருந்தன. 1971 போரில் இரண்டு ஸ்குவாட்ரன்கள் ராஜஸ்தான் பக்கம் இறங்கின. லோங்கேவாலா என்றால் ஜெய்சல்மேரின் ஹண்டர் விமானங்களைத்தான் எல்லோரும் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. மருத்தின் வேலை தாழப் பறந்து தரையில் இருப்பதை அடிப்பது. அதற்கு இந்த உடல் கச்சிதம். தரைக்குப் பக்கத்தில் ஆட்டமில்லாமல் போகும், இன்ஜின் இரண்டு. இரண்டு வாரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட முறை பறந்தன. மூன்று விமானம் தரையிலிருந்து சுட்டதில் போனது. வானில் எதிரி விமானத்திடம் ஒன்றுகூட விழவில்லை. டிசம்பர் 7 அன்று ஸ்குவாட்ரன் லீடர் கே.கே. பக்ஷி ஒரு சேபர் விமானத்தை வீழ்த்தியதாக நம் விமானப்படைக் கணக்கு. ஒரு இன்ஜின் அடிபட்டு மற்றொன்றோடு திரும்பி வந்த சம்பவங்களும் உண்டு. ஒன்று எல்லைக்கு அந்தப் பக்கம் 240 கிலோமீட்டரிலிருந்து ஒற்றை இன்ஜினில் தனியாக வீடு வந்து சேர்ந்தது.

"பலமில்லாத இன்ஜின்னு திட்டினாங்க. ஆனா ஒண்ணு போனா இன்னொண்ணு கொண்டுவந்து விட்டுச்சு பாத்தியா" என்று பெரியப்பா அதன் மூக்கைத் தட்டிக்கொடுப்பது போலக் கையைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார்.

எண்பதுகளில் ஒவ்வொரு ஸ்குவாட்ரனாக மிக் ரகங்களுக்கு மாறியது. 1990-க்குள் கதை முடிந்தது. மிக்-21 அதற்கு அப்புறமும் முப்பத்தைந்து வருஷம் ஓடி, 2025 செப்டம்பர் 26-ல்தான் சண்டிகரில் விடைபெற்றது. ஒரு மருத்தை என் பத்தாவது வயதில் சென்னை கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் மையத்தில் பார்த்திருக்கிறேன். அப்போது அதை ஏதோ வெளிநாட்டு விமானம் என்று நினைத்து, பக்கத்திலிருந்த ஐஸ் வண்டியைத்தான் அதிகம் பார்த்தேன்.

வெளியே வரும்போது மணி இரண்டு. பெரியப்பாவுக்கு மூட்டு வலி, எனக்குப் பசி.

மூன்றாம் நாள்: ஒரு ரோடு

காலையிலிருந்து தூறல். ட்ரோனைக் கொண்டுபோக மனசில்லை. பெரியம்மா மளிகைக்கு அனுப்பினார், தோதாக ஒரு ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். பழைய ஏர்போர்ட் ரோட்டையும் பழைய மெட்ராஸ் ரோட்டையும் இணைக்கும் சுரஞ்சன் தாஸ் ரோடு. பேரைப் பார்த்ததும் நேற்றைய விமானி ஞாபகம் வந்தது. அவரேதான்.

1970 ஜனவரி 10 அன்று, பின்னெரிப்பு பொருத்திய ஒரு சோதனை மருத்தை மேலே எடுக்கும்போது விபத்தில் இறந்தார். வெளிநாட்டில் இன்ஜின் கிடைக்காமல் போனதால், இருக்கிற ஆர்ஃபியஸுக்கே பின்னெரிப்பு சேர்த்து வலுவாக்கப் பார்த்தார்கள். அந்தப் பின்னெரிப்பை உருவாக்கியது ஜி.டி.ஆர்.ஈ. என்ற பெங்களூர் ஆய்வுக்கூடம். இன்று ஜி.டி.ஆர்.ஈ.யின் விலாசம் என்ன தெரியுமா? சுரஞ்சன் தாஸ் ரோடு, சி.வி. ராமன் நகர். கேட்டைக் கடக்கும்போது ஆட்டோ வேகத்தைக் குறைக்கவில்லை. நான் மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அதே ஜி.டி.ஆர்.ஈ.தான் பிறகு தேஜஸ் போர் விமானத்துக்காகக் காவேரி என்ற இன்ஜினைச் செய்ய இறங்கியது. தேஜஸ் 2001 ஜனவரி 4-ல் அதே எச்.ஏ.எல். ஓடுபாதையிலிருந்து ஏறியது. மருத் ஏறியதற்கும் அதற்கும் நடுவில் நாற்பது வருஷம். ஏறியது அமெரிக்காவின் எஃப்404 இன்ஜினில். காவேரி நேரத்துக்கு வரவில்லை, 2008-ல் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். 2021-ல் 83 தேஜஸ் மார்க் 1ஏ-வுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கான 99 இன்ஜின்களில் முதலாவது 2025 மார்ச்சில்தான் கிடைத்தது. பெரியப்பாவிடம் இதைச் சொன்னால், "எங்க ஹேங்கர்லயும் இதே பேச்சுதான்" என்று பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

ஆனால் காவேரி கதை முடியவில்லை. பின்னெரிப்பு இல்லாத காவேரியை இப்போது காதக் என்ற ஆளில்லாப் போர் விமானத்துக்காகத் தயார் செய்கிறார்கள். போர் விமானத்துக்கு என்று பிறந்த இன்ஜின் கடைசியில் ட்ரோனுக்குப் போகிறது. அந்த ஆளில்லா விமான வேலையைச் செய்யும் ஏ.டி.ஈ. ஆய்வுக்கூடம் எங்கே இருக்கிறது? இதே சுரஞ்சன் தாஸ் ரோட்டில், கொஞ்சம் தள்ளி. லக்ஷ்யா அங்கே பிறந்ததுதான். குட்டி ஜெட் இன்ஜினோடு பறந்து, போர் விமானிகளுக்குச் சுட்டுப் பழக இலக்காக நின்று, பாராசூட்டில் இறங்குமே, அது. கலாம் இளமையில் நந்தி என்ற ஹோவர்கிராஃப்டைச் செய்ததும் ஏ.டி.ஈ.யில் இருந்தபோதுதான். நான்கு கிலோமீட்டர்கூட இருக்காத ரோடு.

மாலையில் பெரியப்பாவுக்கு என் தொழிலின் சரித்திரத்தைச் சொன்னேன். பதினைந்து வருஷம் முன்னால் கல்யாணத்தில் உயரமான ஷாட் என்றால் ஜிம்மி ஜிப் என்கிற கேமரா கிரேன்தான். வேனில் ஏற்றி இறக்க நான்கு பேர் வேண்டும். 2010-ல் பாரட் என்ற பிரெஞ்சுக் கம்பெனி செல்போனை வைத்து ஓட்டுகிற நான்கு விசிறிப் பொம்மையைக் காட்டியது. ஷென்ஜனில் 2006-ல் தொடங்கிய டி.ஜே.ஐ. 2013-ல் ஃபேன்டம் என்று ஒன்றை விட்டது. பெட்டியைத் திறந்தால் பறக்கும், அவ்வளவுதான். அதற்கு முன் ஒவ்வொருவரும் மோட்டார், கன்ட்ரோலர், சட்டம் என்று தனித்தனியாக வாங்கி சால்டர் வைத்துக்கொண்டிருந்தார்கள். கேமராவுக்குப் பேர்போன கோப்ரோவும் 2016-ல் கர்மா என்று இறங்கியது. பறக்கும்போது மின்சாரம் அறுந்து விழுகிறது என்று சில நாளில் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டது.

பெரியப்பா நடுவில் நிறுத்தினார். "நாலு விசிறி சரி. அது கவிழாம எப்படி நிக்குது?"

நிற்காது என்பதுதான் பதில். நான்கு விசிறி யந்திரம் தானாகச் சமநிலையில் இருக்காது. உள்ளே கைரோ சென்சார் ஒவ்வொரு சாய்வையும் சொல்கிறது. கன்ட்ரோலர் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நான்கு மோட்டாரின் வேகத்தையும் திருத்திக்கொண்டே இருக்கிறது. கம்ப்யூட்டரை அணைத்தால் கல். செல்போன்களால் அந்த சென்சார் கடுகு விலைக்கு வந்தது, அதனால்தான் கல்யாணத்துக்கும் ட்ரோன் வந்தது. பெரியப்பா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "தேஜஸும் அதே கதைதான். வேணும்னே நிலையில்லாமப் பண்ணி, நாலு கம்ப்யூட்டர் பிடிச்சுக்கிட்டு இருக்கு. மருத்துல அதெல்லாம் கிடையாது, விமானியோட கை" என்றார். என் 249 கிராமுக்கும் தேஜஸுக்கும் ஒரு சொந்தம் இருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

இன்னொன்றும் சொன்னேன். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இப்போது தக்‌ஷா என்று ஒரு ட்ரோன் குழு இருக்கிறது. 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம். நடிகர் அஜித் அதற்கு ஆலோசகராக இருந்தார். பெரியம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தது இந்த ஒரு தகவலுக்குத்தான்.

நான்காம் நாள்: எஸ்.பி. ரோடு

"நானும் வரேன்" என்று பெரியப்பா சட்டை மாற்றிக்கொண்டு நின்றபோது மறுக்க முடியவில்லை.

எஸ்.பி. ரோட்டில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. கேபிள் சுருள், பழைய மதர்போர்டு, எல்.ஈ.டி. மாலை, நடுவில் சுமை வண்டி. 2022 பிப்ரவரியில் முழு ட்ரோனாக இறக்குமதி செய்வதை அரசாங்கம் தடுத்துவிட்டது. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. அதன் பலனை இங்கே கண்ணால் பார்க்கலாம். மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி., பேட்டரி செல், கார்பன் சட்டம் எல்லாம் டப்பா டப்பாவாக இருக்கிறது. சேர்த்தால் ட்ரோன், தனித்தனியாக இருந்தால் சாமான். ஒரு கடையில் இந்தியத் தயாரிப்பு என்று ஒட்டிய ஒன்றைக் காட்டினார்கள். சட்டம் நன்றாகவே இருந்தது. பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு மோட்டாரின் அடியில் எழுதியிருந்ததைப் படித்தார். எழுத்து சீனம். ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்தார்.

எனக்குச் சொல்லப்பட்ட கடை மாடியில், கட்டில் அகலத்துக்கு ஒரு அறை. உள்ளே ஒரு பையன், இருபத்திரண்டு வயசு இருக்கும். நுண்ணோக்கிக்கு அடியில் கிம்பல் கேபிளை மாற்றுவதைப் பார்ப்பதே ஒரு சுகம். முடியளவு திருகுகளை நெளியாமல் எடுத்துக் காந்தத் தட்டில் வரிசையாக வைத்தான். மோட்டாரையும் மாற்றினான். கேபிள் 900, மோட்டார் 1,200, கூலி 800 என்றான்.

விசிறிகளைக் கழற்றிவிட்டு மேஜையில் வைத்து மோட்டார்களை ஓடவிட்டான். நான்கும் சுற்றின. என் காதுக்கு எல்லாம் ஒரே ரீங்காரம். பணம் எடுக்கப் பைக்குள் கை விட்டேன்.

"ஒந்து நிமிஷ" என்றார் பெரியப்பா.

பையனின் மேஜையிலிருந்து நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பிடியைக் காதோடு வைத்து, நுனியால் ட்ரோனின் ஒவ்வொரு கையையும் மெல்லத் தொட்டார். முன் இடது, முன் வலது, பின் இடது. பின் வலதில் நின்றார். திரும்பவும் பின் இடதுக்குப் போனார். திரும்பவும் வலது.

"இது வேற பாட்டு பாடுது."

பையன் சிரித்தான். புது மோட்டார் அங்கிள், கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், ஓடினால் சரியாகிவிடும் என்று கன்னடத்தில் சொன்னான். பெரியப்பா கன்னடத்திலேயே, மரியாதையாக, கழற்றிப் பார்க்கலாமே என்றார். நான் சங்கடத்தில் கூரையைப் பார்த்தேன். எழுபத்தேழு வயசு ஃபிட்டருக்கு நுண்ணோக்கி வைத்திருக்கும் பையன் முன்னால் அவமானம் நேர்ந்துவிடக் கூடாதே என்று இருந்தது.

கழற்றினான். மோட்டாரைப் பிடித்திருக்கும் மூன்று திருகில் ஒன்று மற்ற இரண்டையும்விட ஒரு நூல் நீளம். அதன் நுனி உள்ளே போய்ச் செம்புச் சுருளை உரசிக்கொண்டிருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் சுருளின் வார்னிஷில் ஒரு வெள்ளைக் கீறல். இன்னும் பத்து நிமிஷம் ஓடியிருந்தால் சூடேறி எரிந்திருக்கும். அதுவும் யார் வீட்டுப் பந்தலுக்கு மேலேயோ.

பையன் ஒன்றும் பேசவில்லை. டப்பாவைக் கவிழ்த்துச் சரியான திருகைத் தேடினான். மோட்டாரையும் இன்னொரு புதியதாக மாற்றினான், அதற்குக் காசு கேட்கவில்லை. மறுபடி ஓடவிட்டான். ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்து, பிடியை முன்னால் வைத்துப் பெரியப்பாவிடம் நீட்டினான். அவர் நான்கு கையையும் கேட்டுவிட்டு, "சரி" என்றார். அப்புறம் பையனைப் பக்கத்தில் இழுத்து, ஸ்க்ரூ டிரைவரைக் காதில் எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினார். எலும்பின் மேல், ஓட்டையின் மேல் இல்லை.

கூலியில் 200 குறைத்துக்கொள்ளச் சொன்னார். பையன் 300 குறைத்துக்கொண்டான்.

கீழே இறங்கியதும் பெரியப்பாவுக்கு ஒரு மசால் தோசை வேண்டும் என்றார், அதுவும் நெய் போட்டு. பெரியம்மாவிடம் சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. சாப்பிட்டு, பஸ்ஸில் இடம் பிடித்து, தொம்லூர் தாண்டும்போது தலைக்கு மேல் ஒன்று போனது. நான் ஜன்னலில் எட்டிப் பார்ப்பதற்குள் மேகத்துக்குள் மறைந்துவிட்டது.

"என்ன விமானம் பெரியப்பா?"

"ஹாக்" என்றார், கண்ணைத் திறக்காமல்.